யான் யாவ் விகாரையின் நாட்கள்

2004 டிசம்பர் 26, ஞாயிறு

பௌர்ணமி நாளாகிய இன்று காலை, சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, தாய்லாந்தின் பங்கா மாகாணத்திலுள்ள காவோ லாக் கடற்கரையைச் சூறையாடிவிட்டது. நாகப்பட்டினத்தையும் அது விட்டுவைக்கவில்லை.

டிசம்பர் 29

காவோ லாக்கை அடுத்த தக்குவா பாவில், வாட் யான் யாவ் என்னும் பௌத்தக் கோயில் பிணவறையாகியிருக்கிறது. 'வாட்' என்பது வழிபாட்டிடமும் பிக்குகளின் உறைவிடமும் பொதுக்கூடமும் ஒரே மதிலுக்குள் அமைந்த வளாகமாகும். உடல்களை வண்டிகளில் ஏற்றியவர்களுக்கு இவ்விடம் தோன்றியதில் வியப்பில்லை. தாய்லாந்துச் சிற்றூர் ஒன்றில் எவரேனும் இறந்தால், 'சாலா' எனப்படும் சுவரற்ற மண்டபத்தில் உடலைச் சில இரவுகள் கிடத்திவைப்பதும், பிக்குகள் அபிதம்மப் பகுதிகளை ஓத, ஊரார் கூடிச் சமைத்துப் பரிமாறுவதும், பின்னர் வாட்டின் எரிமேடையிலேயே தகனம் நிகழ்வதும் நெடுங்கால வழக்கம். இளைஞர்கள் மழைக்கால மூன்று மாதங்களுக்குத் துறவு பூணுவதும், முற்காலத்தில் சிறுவர்கள் எழுத்தறிந்ததும் வாட்டில்தான். ஒரு நேரத்தில் ஓர் இறப்பைத் தாங்கிப் பழகிய இவ்வமைப்பின்மீது இன்று ஆயிரக்கணக்கான இறப்புகள் வந்து விழுந்துள்ளன.

டிசம்பர் 30

உலர் பனிக்கட்டி போதவில்லை.

2005 ஜனவரி 1

இறந்த ஏழாம் நாளில், 'தம் புன்' எனப்படும் புண்ணியச் செயலாகப் பிக்குகளுக்கு உணவளித்து, அதன் பயனை இறந்தவருக்கு அர்ப்பணிப்பது மரபு. அவ்வர்ப்பணிப்புக்கு ஒரு பெயர் வேண்டும். இங்கோ பெரும்பாலான உடல்களுக்குப் பெயரில்லை. வெப்பத்திலும் நீரிலும் ஊறிய முகங்களை இரண்டொரு நாளுக்குப்பின் பெற்ற தாயாலும் இனங்காண இயலாது என்பதால், தடயவியல் மருத்துவர் போர்ன்திப் ரோஜனசுனன் தலைமையிலான குழுவினர் பல்லும் எலும்பும் எடுத்து மரபணு மாதிரிகளைச் சேர்த்துவருகின்றனர். அடையாளம் தெரியும்வரை எரிக்கக் கூடாது என்பது அறிவியலின் தேவை. விரைந்து வழியனுப்ப வேண்டும் என்பது துயருற்றோரின் தேவை. எரியூட்டுவதற்கென்றே ஊரார் நாடிவரும் இடம், எரியூட்டாமல் காத்துவைக்கும் இடமாக மாறியிருப்பது, இந்த வாட்டின் மிகக் கடினமான தொண்டு எனத் தோன்றுகிறது. எவ்வாறாயினும், இங்கே கிடத்தப்பட்டிருப்பவரின் சமயம் எதுவென எவரும் வினவவில்லை. பல மாவட்டங்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள், மாணவர்கள் உட்பட, முகமூடியும் கையுறையும் அணிந்து உடல்களைத் தூக்குகின்றனர். இன்று ஓரளவு மனம் தேறியது.

ஜனவரி 6

தக்குவா பா வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலானோரின் காவலில் விடப்பட்டதைத் தெரிவிக்கிறது. எதிர்க்கரையில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை ஸ்ரீவிஜய அரசரின் பெயரால் எழுந்தபோது, ஆனைமங்கலத்தை அதற்கு அளித்தவன் முதலாம் இராசராசன். குளமும் விகாரையும் அமைத்துப் பேணிய இரு கரைகளும் ஒரே காலைப்பொழுதில் பிணங்களைத் தேடத் தொடங்கின. இன்று இதற்குமேல் எழுத இயலவில்லை.

ஜனவரி 14

அடையாளம் காணும் பணி, பூக்கெட்டில் அமைந்துவரும் பன்னாட்டு மையத்தின் பொறுப்புக்கு மாறுகிறது. உடல்கள் இடம் மாறினும் தொடர்பு அறுந்துவிடாதிருக்க, நெல்மணியளவு மின்னணுச் சில்லு உடலுக்குள் பொருத்தப்படுகிறது. ஐரோப்பியரைத் தேடிப் பல்மருத்துவப் பதிவேடுகள் கடல் கடந்து வருகின்றன. கட்டுமானத்திலும் மீன்பிடிப்பிலும் உழைத்த பர்மியத் தொழிலாளர்களுக்கோ அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை; உயிர்தப்பிய அவர்களின் உறவினர்கள், ஆவணமில்லாமையால் கைதாகி நாடுகடத்தப்படுவோம் என அஞ்சி, உடலைக் கேட்டு வரவும் துணிவதில்லை. அவர்களும் பௌத்தர்களே, இதே சூத்திரங்களைக் கேட்டு வளர்ந்தவர்களே என்பதை எண்ணுகையில் சினம் பொங்குகிறது. வாட்டின் வாயில் திறந்திருந்தும், அதை அடையும் சாலை அவர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 13

ஐம்பதாம் நாள்.

ஏப்ரல் 4

நூறாம் நாள் சடங்குகளோடு துக்கம் முறைப்படி முடிவுறும் என்பர். உடலே கிடைக்காதவர்களின் குடும்பங்கள் எந்நாளை முதல்நாளாகக் கொண்டு எண்ணுவது என்பதற்கு மரபில் விடை தென்படவில்லை.

2014 டிசம்பர் 26

தாய்லாந்தில் ஏறத்தாழ 5,400 பேர் இறந்ததாகக் கணக்கு நிலைபெற்றுவிட்டது. பாங் மருவன் இடுகாட்டில் நூற்றுக்கணக்கானோர் இன்னும் எண்களாகவே புதைந்திருக்கின்றனர். அவர்களுள் பலர் பர்மியத் தொழிலாளர்களாக இருக்கக்கூடும். ஒப்பிட்டுப் பார்க்க உறவினரின் மரபணு மாதிரி வந்துசேராதவரை, எவர் பெயரைச் சொல்லிப் புண்ணியத்தை அர்ப்பணிப்பது என்னும் கேள்வி நீடிக்கும்.