திருவாலங்காடு டூ எண்ணூர்: ஓர் ஆறு நடத்தும் பாடம்!

திருவாலங்காடு என்றதும் வடாரண்யேஸ்வரர் கோயில்தான் நினைவுக்கு வரும். நடராஜரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இங்குதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம் என்பார்கள். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், திருவள்ளூரைத் தாண்டிச் சில நிலையங்களில் வந்துவிடும்.

தரிசனம் முடிந்ததும் உடனே ரயிலைப் பிடிக்காமல், பக்கத்தில் ஓடும் கொசஸ்தலை ஆற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கோடையில் வெறும் மணலும் முள்செடியுமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால், தரைப்பாலத்தையே மூழ்கடித்துக்கொண்டு ஓடும்.

ஆற்றைப் பாடமாகவே படித்த பிள்ளைகளும் உண்டு. அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் இருந்த நான்கு நீர்மின் அணைகளை 2024-க்குள் இடித்து அகற்றினார்கள். அந்த அணைகள் கரி எரிக்காமல் மின்சாரம் தந்தன. ஆனால், கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மன் மீன்களை மேலே போகவிடாமல் தடுத்தன. அணைகள் போனதும் அதே ஆண்டிலேயே மீன்கள் திரும்பின. 2025-ல் அந்தப் பகுதிப் பழங்குடி மாணவர்கள் கயாக் எனும் சிறு படகில் துடுப்பு போட்டு, சுமார் 500 கி.மீ. பயணம் செய்து, ஒரு மாதத்தில் கடலை அடைந்தார்கள்.

நம் கொசஸ்தலையில் அப்படிப் போக முடியுமா? ஆண்டில் பாதி நாள் படகு தரை தட்டும். ஆனால், கரையோரமாகப் பேருந்திலோ வேனிலோ போகலாம்.

முதல் நிறுத்தம், பூண்டி. 1944-ல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர். சென்னையின் குடிநீர் இங்கே தேங்குகிறது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியாக வந்து சேர்கிறது. குடிநீர் என்பதால் இறங்கக் கூடாது, கரையிலிருந்தே பார்க்க வேண்டும். அதன் பிறகு தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி ஆறு எண்ணூர் கழிமுகத்தை அடைகிறது.

பாடத்தின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது. நல்ல நீரும் உப்பு நீரும் கலக்கும் இடம். அலையாத்தி மர வேர்களுக்கிடையேதான் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன. அருகிலேயே அனல்மின் நிலையங்கள். நிலக்கரி எரித்த சாம்பலை நீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் உடையும்போதெல்லாம் சாம்பல் ஆற்றில் படிகிறது. ஆழம் குறைந்து மீனவர்களின் படகு தட்டுகிறது. தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்குக் கிடைப்பதும் குறைகிறது. கழிமுகத்தைச் சீரமைக்க 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

திருவாலங்காட்டு வீடுகளில் சுழலும் மின்விசிறிக்கும் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு போகிறது. ஊரைத் தொட்டுச் செல்லும் ஆறே அதன் சாம்பலையும் சுமக்கிறது. அணையோ அனலோ, மின்சாரத்துக்கான விலையில் ஒரு பகுதியை ஏதோ ஓர் ஆறு கொடுக்கிறது.

ஆசிரியர்களே, அடுத்த பள்ளிச் சுற்றுலாவுக்கு இந்த வழியைப் பாருங்களேன். காலையில் திருவாலங்காடு, மதியம் பூண்டி, மாலையில் எண்ணூர், ஒரே நாள்தான். எண்ணூரில் ஒரு மீனவ அண்ணனிடம், 'முன்பு இங்கே என்னென்ன மீன் கிடைத்தது?' என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், ஆளில்லாத அறையில் ஓடும் விசிறியை அவர்களே அணைப்பார்கள்.