மஞ்சள் காசில் வாங்கிய பங்கு

கோபிசெட்டிபாளையம் பக்கம் இரண்டரை ஏக்கரில் மஞ்சள் போடுகிற விவசாயி அவர். ஏலத்துக்குப் போனால் விலையை மட்டும் பார்த்துவிட்டு வரமாட்டார். எந்த வியாபாரி எத்தனை மூட்டைக்கு விலை போடுகிறார் என்பதையும் நோட்டில் குறித்து வருவார். அந்தப் பழக்கம்தான் போன வருடம் அவரைப் பங்குச் சந்தைக்குள் இழுத்தது.

ஆடிப் பதினெட்டுக்குத் திருப்பூரிலிருந்து வந்த அக்கா மகன், செல்போனில் ஒரு பூச்சிமருந்து கம்பெனியின் பங்குதாரர் பட்டியலைக் காட்டினான். "மாமா, வெளிநாட்டு ஃபண்டுக்காரங்க பங்கு 6 சதவீதத்துல இருந்து 9 ஆயிருக்குதுங்க. அவிய சும்மா வாங்குவாங்களா?"

மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த காசு 1,20,000 ரூபாய். அதை எடுத்து, 240 ரூபாய் விலையில் 500 பங்கு வாங்கினார். வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் விலை 170 ரூபாய். புதிதாக வந்த பட்டியலில் வெளிநாட்டு ஃபண்டுகளின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே.

நடந்தது இதுதான். காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் கம்பெனிகள் பங்குதாரர் விவரத்தைச் சந்தைக்குத் தரவேண்டும். மாப்பிள்ளை காட்டிய 9 சதவீதம், ஜூன் 30 அன்று இருந்த நிலவரம். ஜூனில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஆகஸ்டில் வயலுக்கு விலை பேசிய கதை. இவர் வாங்குவதற்கு நாலு நாள் முன்பே ஒரு ஃபண்டு பெரிய அளவில் விற்றிருந்தது. ஒரு கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, பெயர், எண்ணிக்கை, விலையோடு அன்றைக்கே சந்தை வெளியிட்டுவிடும். 'பல்க் டீல்' என்பார்கள். யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தாலும் காரணம் தெரிந்திருக்காது. குறியீட்டில் ஒரு பங்கைச் சேர்த்தால், அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் கம்பெனி நல்லதோ கெட்டதோ வாங்கியே ஆகவேண்டும். ஃபண்டில் பணம் போட்டவர்கள் திரும்பக் கேட்டால், நல்ல பங்கையும் விற்பார்கள். கம்பெனியே புதிய பங்குகளை ஒரு ஃபண்டுக்கு ஒதுக்கினாலும் அதன் சதவீதம் ஏறும். ஏல மண்டபத்தில் ஏற்றுமதிக்காரர் கேட்பதும், இருப்பு வைக்கிறவர் கேட்பதும் ஒன்றல்ல என்று தெரிந்த மனிதர்தான் இவர்!

கட்டணம் கட்டும் நாள் வந்தபோது வீட்டில் தெரிந்துபோனது. "ஏனுங்க, ஏலத்துல மூட்டையப் பிரிச்சுப் பார்க்காம யாராச்சும் விலை போடுவாங்களா?" என்றார் மனைவி. அவ்வளவுதான், வேறு எதுவும் பேசவில்லை. 300 பங்கை விற்றதில் 51,000 ரூபாய் வந்தது. மீதிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகை அடகுக்குப் போனது.

200 பங்கு இன்னும் இருக்கிறது. மஞ்சள் விலை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போது கோடு போட்டு வைத்திருக்கிறார்: கம்பெனி முதலாளிகளின் பங்கு, வெளிநாட்டு ஃபண்டு, மாதாமாதம் விவரம் வெளியிடும் மியூச்சுவல் ஃபண்டு. ஜனவரி 21-ஐச் சுற்றி ஒரு வட்டம். அது மஞ்சள் வெட்டு நடக்கிற சமயம், பட்டியலைப் பார்க்கும் வேலை மகளுடையது.