அதே கடற்கரை

சென்ற மாதம் ஒரு வாசகர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "உங்களுடைய மூன்று நாவல்களிலும் அதே படித்துறைதான் வருகிறது. ஊரில் வேறு இடமே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும், எழுதிக்கொண்டிருந்த நாலாவது நாவலில் படித்துறை வரும் அத்தியாயத்தை அன்றே அடித்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சிநேகிதர் ஒருவர் வீட்டில் ழான் ரோலனின் படங்களைப் பார்க்க நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர், 1938-இல் பிறந்து 2010-இல் காலமானவர். பெரும்பாலும் காட்டேரிகளைப் பற்றியே படம் எடுத்தவர்.

அவருடைய முதல் முழுநீளப் படம் 1968 மே மாதம் பாரிஸில் வெளியாயிற்று. அப்பொழுது அங்கே மாணவர் கிளர்ச்சி, வேலை நிறுத்தம். வேறு புதுப் படங்கள் அதிகம் இல்லாததால் ஜனங்கள் இதற்குக் கூட்டமாகப் போனார்கள். போனவர்களுக்குக் கதை தலைகால் புரியவில்லை. கூச்சலிட்டார்கள், கையில் கிடைத்ததைத் திரையின் மேல் வீசினார்கள். பத்திரிகைகளும் சும்மா விடவில்லை.

மனிதர் மறுபடியும் காட்டேரிப் படமே எடுத்தார்! அது மட்டுமா? தியெப் நகருக்கு அருகே ஒரு கடற்கரை. செங்குத்தான வெள்ளைப் பாறைகள், கூழாங்கற்கள், கடலுக்குள் வரிசையாக இறங்கும் மரக் கம்பங்கள். சிறு வயதில் பார்த்த அந்த இடத்தைப் படம் படமாகக் காட்டினார்.

1973-இல் வந்த 'இரும்பு ரோஜா', ஒரு காதல் ஜோடி இரவில் கல்லறைத் தோட்டத்தில் வழி தெரியாமல் அகப்பட்டுக்கொள்ளும் கதை. அது ஓடவில்லை. பிறகு வயிற்றுப்பாட்டுக்காகப் புனைபெயரில் ஆபாசப் படங்கள் எடுத்தார். 1990-களில் வீடியோ மூலம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ரஸிகர்கள் கிடைத்தபோது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்.

அவரை மேதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடிகர்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல் நடக்கிறார்கள். ஆனால் 1971-இல் வந்த ஒரு படத்தில், நடுநிசியில், பெரிய கடிகாரத்தின் கதவைத் திறந்துகொண்டு காட்டேரி ஒருத்தி வெளியே வருகிறாள். எனக்குப் பயம் வரவில்லை. இன்னதென்று சொல்ல முடியாத ஒரு துக்கம் வந்தது. கதை கடைசியில் அந்தக் கடற்கரைக்கே போய்ச் சேர்ந்தபோது, வேறு எங்கே போக முடியும் என்றுதான் தோன்றிற்று.

வீட்டுக்கு வந்து என் நாவல்களைப் புரட்டினேன். முதல் நாவலில் படித்துறை இல்லாவிட்டால் கதையே இல்லை. மூன்றாவதிலும் அப்படித்தான். இரண்டாவதில் மட்டும், வேறு இடம் யோசிக்கச் சோம்பல்பட்டு அதைப் போட்டிருக்கிறேன். வாசகருக்கு அதை ஒப்புக்கொண்டு பதில் எழுதினேன்.

நாலாவது நாவலில் அடித்த பக்கங்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் மறுபடியும் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் சரி.