என்பு மச்சையும் இனப்பெருமையும்

"மாஸ்ரர், இனம் எண்டது கற்பனை எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறியள். பிறகேன் என்பு மச்சைக்கு மட்டும் சொந்த இனத்து ஆளைத் தேடுகினம்?" என்று சக ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னை மடக்கினார். கேள்வி நியாயமானது. தமிழ் இலக்கணம் கற்றவனாகிய நான் இதற்காக உயிரியல் நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

குருதிப் புற்றுநோய் முதலியவற்றால் மச்சை கெட்டவருக்கு, குருதியை உண்டாக்கும் கலங்களைப் பிறரிடமிருந்து பெற்று ஏற்றுகிறார்கள். அங்கே முதன்மையாகப் பார்க்கப்படுவது ஏ, பி, ஓ என்னும் குருதி வகையன்று. அது வேறாயினும் சிகிச்சை நடைபெறும். எச்.எல்.ஏ. எனப்படும் இழைய அடையாளமே பொருந்த வேண்டும். அதில் ஒரு பாதி தாய்வழி, மறுபாதி தந்தைவழி. ஆகையால் உடன்பிறந்தார் ஒருவர் முற்றாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்பே உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளின் நிலையே இதுவாயின், இரத்த பந்தம் என்று மார்தட்ட என்ன இருக்கிறது? தமிழ் மச்சை, சிங்கள மச்சை என்று எதுவுமில்லை. நெடுங்காலம் ஒருங்கு வாழ்ந்து மணந்துகொண்டோரின் சந்ததியில் சில அடையாளச் சேர்க்கைகள் கூடுதலாகக் காணப்படும், அவ்வளவே. இது நிகழ்தகவுக் கணக்கு. குலப்பெருமைக்குச் சாசனம் அன்று.

ஆயின் கணக்குக்கு ஆட்கள் வேண்டும். உலகின் முதற் கொடையாளர் பதிவேட்டை 1974இல் லண்டனில் தொடங்கியவர் ஷேர்லி நோலன் என்னும் தாய். பொருத்தமானவர் கிடைக்காமலே அவர் மகன் அந்தனி 1979இல் இறந்தான். அப்பதிவேடும் பின்வந்தவையும் பல்கிப் பெருகின. யாருடைய பெயர்களால்? பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தோரின் பெயர்களால். அமெரிக்கப் பதிவேட்டினரின் கணக்கில், பொருந்தும் கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு நூற்றுக்கு 79, ஆசிய வழியினருக்கு 47, கறுப்பினத்தவருக்கு 29.

இதில் இயற்கைக்கும் பங்குண்டு. மனித குலத்தின் பழைய வீடாகிய ஆபிரிக்காவின் மக்களிடையே இழைய வேறுபாடுகள் மிகுதி. எனினும் முழுப் பழியையும் இயற்கையின் தலையில் கட்டிவிட முடியாது. அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஏழைகளுக்கு மருந்து கொடாது நோயின் போக்கை வேடிக்கை பார்த்தது அரச சுகாதார சேவை. அத்தகைய அரசு நீட்டும் படிவத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள் கையெழுத்திடத் தயங்கினால் அது அறியாமையா? இரு வேறு மரபினரின் கலப்பில் பிறந்த குழந்தையின் பாடு இன்னும் கடினம். அதன் சேர்க்கை எந்த ஏட்டிலும் அருமை.

நம்மவரும் இதற்குப் புறம்பானவரல்லர். ரொறன்ரோவிலுள்ள என் பழைய மாணவனொருவன் பெயர் பதிய விரும்புகிறான். "முள்ளந்தண்டிலை ஊசி ஏத்துவாங்கள்" என்று தாயார் தடுக்கிறாராம். பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றியெடுத்தாற் போதும். பின்னர் அழைப்பு வந்தாலும் பெரும்பாலும் கைநாளத்திலிருந்தே கலங்களைப் பிரித்தெடுப்பர். சிலவேளை மயக்க மருந்து கொடுத்து இடுப்பென்பிலிருந்து எடுப்பர். முள்ளந்தண்டைத் தொடுவதில்லை. இவற்றைத் தாயாருக்கே விவரமாக எழுதினேன். மகன் மெலிந்து போனான், முதலில் அவன் சாப்பிடட்டும் என்று பதில் வந்திருக்கிறது.