மலிவான மோட்டார் எப்போது மலிவு?

ரிமோட்டில் ஓடும் பந்தயப் படகு ஒன்றைத் தானே சேர்த்துக் கட்ட ஆசைப்படும் கல்லூரி மாணவனுக்கு முதலில் கண்ணில் படுவது இரண்டே விஷயம். ஒன்று மோட்டாரின் விலை. இன்னொன்று அதன் மேல் அச்சடித்திருக்கும் எண். ஒரு மோட்டாரில் 3900 கேவி என்று போட்டிருக்கிறது, பக்கத்தில் உள்ளதில் 2000 கேவி. விலையோ ஏறத்தாழ ஒன்றுதான். அதே காசுக்கு இரண்டு மடங்கு எண்! யாராக இருந்தாலும் 3900-ஐத்தான் எடுப்பார்கள். மாதக்கணக்கில் சேர்த்த பாக்கெட் மணி சில நிமிடங்களில் புகையாகிப் போகும் கதை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேவி என்பது பலம் இல்லை

கேவி என்றால் கிலோவோல்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. அது இல்லை. ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை எதுவும் இல்லாமல், மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதே கேவி. அவ்வளவுதான். எவ்வளவு பலமாகச் சுற்றும் என்று அது சொல்லவே சொல்லாது.

கணக்கு மிக எளிது. லிப்போ பேட்டரியில் ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். மூன்று செல் என்றால் 11.1 வோல்ட். 3900 கேவி மோட்டாரை அதில் பூட்டினால் 43,290 சுற்று. 2000 கேவி மோட்டாரை நாலு செல்லில் (14.8 வோல்ட்) பூட்டினால் 29,600 சுற்று. நடுத்தர அளவுப் பந்தயப் படகுகளுக்கு, சுமையில்லாத நிலையில் சுமார் 30,000 சுற்றுக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது என்பது படகு ஓட்டுபவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு.

"43,000 சுற்றினால் இன்னும் வேகமாகப் போகுமே?" என்ற கேள்வி நியாயமானது. பதில் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரின் அடர்த்தி காற்றைப் போல சுமார் 800 மடங்கு. அதே புரொப்பல்லரைச் சுற்றத் தேவைப்படும் சக்தி, சுற்றின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 30,000-லிருந்து 43,000-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகாது. கேட்கிற சக்தியோ ஏறத்தாழ மூன்று மடங்கு! அந்தச் சக்தி மோட்டாரில் இல்லாவிட்டால் மோட்டார் திணறும், திணறினால் ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் சூடு ஏறும்.

புரொப்பல்லரை மாற்றினாலும் இதே கதைதான். 42 மில்லிமீட்டர் விட்டத்தை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் 46 போட்டால் "நாலு மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். சுற்று மாறாமல் இருந்தால் சுமை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

கார் மோட்டார் ஏன் படகில் சாகிறது

மலிவாகக் கிடைக்கும் மோட்டார்களில் பல ரிமோட் கார்களுக்காகச் செய்தவை. கார் வளைவில் மெதுவாகும், நேர்ப்பாதையில் ஓடும், உருளும். மோட்டாருக்கு மூச்சுவிட நேரம் உண்டு. படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. புரொப்பல்லர் தண்ணீரை ஓயாமல் வெட்டிக்கொண்டே இருக்கும். அதுவும் தண்ணீர் புகாமல் டேப் ஒட்டி மூடிய உடலுக்குள், காற்றோட்டமே இல்லாமல். எனவே தண்ணீரால் குளிர்விப்பது படகில் ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

இங்கேதான் இன்ரன்னர், அவுட்ரன்னர் வித்தியாசம் வருகிறது. இன்ரன்னரில் வெளிக்கூடு அசையாது, உள்ளே காந்தம் சுற்றும். ஆகவே கூட்டின் மேல் வாட்டர் ஜாக்கெட்டை மாட்டிவிடலாம். அவுட்ரன்னரில் வெளிக்கூடே சுற்றும், ஜாக்கெட் மாட்ட முடியாது. விலை குறைவு என்று அவுட்ரன்னரை வாங்கிவிட்டு அதைக் குளிர்விக்க வழி தேடுபவர், மிச்சம் பிடித்ததை அங்கே செலவழிக்கிறார்.

நாலு எண்ணில் ஒளிந்திருப்பது

3650, 3660, 3674 என்று எழுதியிருப்பதில் முதல் இரண்டு எண் கூட்டின் விட்டம், அடுத்த இரண்டு நீளம், மில்லிமீட்டரில். பலர் கேவியை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். ஒரே கேவி உள்ள இரண்டு மோட்டார்களில் நீளமானதில் செம்பும் காந்தமும் அதிகம். அதே வேலையை அது குறைந்த சூட்டில் செய்யும். படகு அந்த எடையைத் தாங்குமானால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து நீளமானதை வாங்குவதே சிக்கனம்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை நம்பவே கூடாது. உச்ச வோல்ட்டை உச்ச ஆம்பியரால் பெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆம்பியரைச் சில நொடிகளுக்கு மேல் மோட்டார் தாங்காது என்பதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஒரே வாட் சொல்லும் இரண்டு மோட்டார்களில் ஒன்று பாதி எடைதான் என்றால் எது பொய் சொல்கிறது என்று தராசே சொல்லிவிடும்.

சூடு அதிகமானால் என்ன ஆகும்? சாதாரண ரக நியோடிமியம் காந்தம் சுமார் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதிகச் சூட்டுக்கென்று செய்த ரகம் 150 டிகிரி வரை தாங்கும், விலை கூடுதல். சூட்டில் காந்தம் பலம் இழந்தால் திரும்பி வராது. வேடிக்கை என்னவென்றால், காந்தம் பலவீனமான மோட்டார் சுமையில்லாதபோது முன்பைவிட வேகமாகச் சுற்றும். "நல்லாத்தானே ஓடுது" என்று தோன்றும். தண்ணீரில் விட்டால் அதிக ஆம்பியர் இழுத்து, கூடவே வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கொண்டுபோய்விடும். ஒன்றின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நஷ்டம்.

வணிகவியல் பாடம் ஒன்று

வணிகவியல் மாணவனுக்கு இது புதிதல்ல. வாங்கும் விலை வேறு, வைத்திருக்கும் செலவு வேறு. 800 வாட் தேவைப்படும் படகில் மூன்று செல் என்றால் 72 ஆம்பியர் ஓட வேண்டும். ஆறு செல் என்றால் 36 போதும். ஆம்பியர் பாதியானால் அதே கம்பியிலும் கனெக்டரிலும் சூடு கால்வாசி. பேட்டரியிலும் மோசம் இல்லை. 5000 மில்லி ஆம்பியர் மணி உள்ள மூன்று செல்லும், 2500 உள்ள ஆறு செல்லும் ஒரே அளவு சக்திதான். ஆனால் கட்டுப்பாட்டுக் கருவி ஆறு செல்லைத் தாங்குவதாக இருக்க வேண்டும், மோட்டாரின் கேவியும் 1350 பக்கம் இறங்க வேண்டும். கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சின்ன எண்தான் பல சமயம் புத்திசாலித்தனமான கொள்முதல்.

செலவுப் போட்டி எங்கே கொண்டுபோகும் என்பதைப் பந்தயம் நடத்துபவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். வட அமெரிக்க மாடல் படகுச் சங்கமான நாம்பா, நாலு செல் படகுகளுக்கான பி வகுப்பில் 'பி லிமிட்டெட்' என்று தனிப் பிரிவு வைத்தது. அனுமதித்த பட்டியலில் உள்ள மோட்டார்களை மட்டுமே அதில் பூட்டலாம். பணம் உள்ளவன் மோட்டாரால் ஜெயிக்க முடியாது, படகைச் சரியாக அமைத்தவனும் திறமையாக ஓட்டியவனும் ஜெயிப்பான். ஒரு விதத்தில் இது விளையாட்டுக்குள் வந்த விலைக் கட்டுப்பாடு!

எனவே மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த மாணவன் ஒரு தாளில் எழுத வேண்டியது: படகின் நீளம், பேட்டரியின் செல், 30,000 சுற்றை அந்த வோல்ட்டால் வகுத்தால் வரும் கேவி, கூடு எவ்வளவு நீளம் வரை உள்ளே அடங்கும், ஜாக்கெட்டும் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு. மோட்டாரின் விலை கடைசி வரியில் வரட்டும்.

வாங்கிய பிறகு முதல் ஓட்டம் சின்ன புரொப்பல்லரில், ஒரு நிமிடம் மட்டும். கரைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து மோட்டாரிலும் கம்பியிலும் கருவியிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் எங்கோ கணக்குத் தப்பிவிட்டது என்று அர்த்தம். பெட்டியில் இருக்கும் எண்கள் பொய் சொல்லலாம். விரலில் படும் சூடு சொல்லாது.