மாத்திரை மட்டும் போதுமா?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசியிலிருந்து போகும் பஸ்களில் நிற்கவும் இடம் கிடைக்காது. பேரருவியில் பெண்களுக்கென்று தனி இடம் உண்டல்லவா? அங்கே தண்ணீர் இரைச்சலில் நாம் பேசுவது மூன்றாம் பேர் காதில் விழாது. அதனாலோ என்னவோ, வீட்டில் வாய் திறவாத விஷயங்களெல்லாம் அங்கே வெளிவந்துவிடுகின்றன.

சென்ற சாரலின்போது எனக்கு அப்படி ஒரு சிநேகிதி கிடைத்தாள். பெயரும் ஊரும் கேட்காதீர்கள். வயது 28. கணவன் மூலம் எச்.ஐ.வி. வந்தது; அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மாதந்தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறாள். "கருப்பை வாயைச் சோதித்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"ஒருநா விடாம மாத்திரை போட்டுக்கிடுதேன்க்கா. ஒடம்பு நல்லாத்தான இருக்கு? பொறவு எதுக்கு இன்னொரு சோதனை?" என்றாள். சற்று நேரம் கழித்து நிஜக் காரணமும் வந்தது. பெண் டாக்டரிடம் போனால் எச்.ஐ.வி. என்று சொல்ல வேண்டுமே! மாத்திரை அறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு வராந்தாதான். அதைத் தாண்டத் தைரியம் வரவில்லை.

சகோதரிகளே, எச்.பி.வி. என்று ஒரு கிருமி. எச்.ஐ.வி. வேறு, இது வேறு. (நம்மைக் குழப்புவதற்கென்றே பெயர் வைத்தார்கள் போலும்!) தாம்பத்திய உறவில் ஒட்டிக்கொள்வது. பெரும்பாலான பெண்களின் உடம்பு இரண்டொரு வருஷத்தில் அதைத் தானே துரத்திவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடமோ, வாடகை தராத குடித்தனக்காரனைப் போல் உட்கார்ந்துவிடுகிறது. மற்றவர்களிடம் புற்றாக மாற 15, 20 வருஷம் ஆகுமென்றால், எச்.ஐ.வி.க்கு வைத்தியம் செய்துகொள்ளாதவர்களிடம் 5, 10 வருஷமே போதும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்த அபாயம் சுமார் 6 மடங்கு என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். மாத்திரையால் அபாயம் குறையும், அடியோடு போகாது. ஆரம்பத்தில் வலியும் தெரியாது. ஆகவேதான் மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கும் சோதனையை இவர்களுக்கு 25-லேயே தொடங்கச் சொல்கிறார்கள்; பிறகு 3 முதல் 5 வருஷத்துக்கு ஒரு தடவை.

சோதனை என்றதும் கத்தியை நினைத்துக்கொள்ள வேண்டாம். காடி போன்ற அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, எங்கேயாவது வெளுக்கிறதா என்று பார்ப்பது ஒரு முறை. நம் திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு நர்ஸுகளே இதை ஒரே ஒரு தடவை செய்தார்கள். இந்நோயால் நேரும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததாக 2007-ல் அந்த ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. எச்.பி.வி. கிருமியையே தேடும் சோதனை இன்னும் நுட்பமானது. கோளாறு ஆரம்ப நிலையில் இருந்தால் குளிர வைத்தோ சூடு வைத்தோ சில நிமிஷங்களில் அகற்றிவிடலாம்.

அந்த வராந்தாவுக்கு வருவோம். எச்.ஐ.வி. உள்ளவரின் சம்மதமின்றி அதை வெளியில் சொல்லக் கூடாது, வைத்தியம் மறுக்கவும் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்து, 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. "எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறேன், கருப்பை வாயைச் சோதிக்க வேண்டும்" என்று சொன்னால் போதும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.