வெள்ளி இன்னிக்கு எவ்வளவு?

மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கத்து டீக்கடைகளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால்தான் பொழுது விடிந்ததாக அர்த்தம். மேட்டூர்ல தண்ணி எத்தனை அடி? நெல்லு மூட்டை என்ன விலை? வெள்ளி இன்னிக்கு எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு நகைக்கடையில் பதில் தேடாதீர்கள். எங்கள் ஊரில் வெள்ளி என்றால் சிங்கப்பூர், மலேசியப் பணம். கூத்தாநல்லூருக்கு 'சின்ன சிங்கப்பூர்' என்றே பட்டப்பெயர். ரிசர்வ் வங்கிக்கு அடுத்தபடியாக அந்நியச் செலாவணியைக் கவலையோடு கவனிப்பது எங்கள் ஊர்த் திண்ணைகள்தான்!

நான் பி.காம். ஆனால், இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கல்லூரி அல்ல, தாத்தாவின் கணக்கு நோட்டு. அவருடைய அண்ணன் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அங்கிருந்து பணம் வரும்போதெல்லாம் தாத்தா தேதி போட்டு எழுதியிருக்கிறார். 1965-ல் ஒரு வரி: வெள்ளி 100, ரூபாய் 155. அடுத்த வருஷக் கடைசியில் இன்னொரு வரி: வெள்ளி 100, ரூபாய் 245.

பினாங்கில் அண்ணனுக்குச் சம்பளம் கூடவில்லை. பிறகு தொண்ணூறு ரூபாய் எங்கிருந்து குதித்தது?

அதுவரை வெள்ளியும் ரூபாயும் பிரிட்டிஷ் பவுனில் கட்டிப்போட்ட ரெட்டை மாடுகள். ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். ரூபாய்க்கு 1927 முதல் 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது 28 பென்ஸை 18 பென்ஸால் வகுத்தால் 1.56 ரூபாய். நடுவில் வந்த யுத்த காலத்தைத் தள்ளிவிட்டால், ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்தக் கணக்கு அசையவே இல்லை.

1962, 1965 என இரண்டு போர், மழை பொய்த்துப் பஞ்சம், நின்றுபோன வெளிநாட்டு உதவி... 1966 ஜூன் 6-ம் தேதி இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. கூடவே வெள்ளியும் 2.45 ஆனது. 'ரூபாய் 36.5 சதவீதம் இறங்கியது' என்றது டில்லி. 'வெள்ளி 57.5 சதவீதம் ஏறியது' என்றது எங்கள் திண்ணை. இரண்டும் ஒரே கணக்குதான் சார், உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு!

இதைவிடப் பெரிய விளையாட்டையும் அக்கரை பார்த்திருக்கிறது. யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் வாழை மரம் போட்ட பத்து வெள்ளி நோட்டு அடித்தார்கள். 1945-ல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது செல்லாக் காசு. குலை தள்ளாத வாழை!

1967-ல் மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி வெள்ளி அச்சடித்தன. இரண்டுக்கும் சம மதிப்பு. ஒன்றுக்கு ஒன்று என மாற்றிக்கொள்ளலாம். 1973-ல் அந்த ஏற்பாடு முடிந்தது. கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகிற மாதிரி அதற்குப் பிறகு பாதை வேறு. மலேசிய வெள்ளி இருபது ரூபாயைத் தாண்டியது. சிங்கப்பூர் வெள்ளி அறுபதைத் தாண்டிவிட்டது.

அந்த அறுபதுதான் எங்கள் ஊர்ப் பையன்களைத் தூங்கவிடுவதில்லை. எதிர்வீட்டுப் பையன் டிப்ளமோ முடித்தவன். ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். அவன் அப்பா என்னிடம் வந்தார்.

"தம்பி, மாசம் எண்ணூறு வெள்ளியாம். அறுபதால பெருக்கிப் பாருங்க. நாப்பத்தெட்டாயிரம்! உள்ளூர்ல யாரு குடுப்பா?"

"பெருக்குறதுக்கு முன்னாடி கழிக்கணும் மாமா" என்றேன். "அங்க சோறும் போனும் வெள்ளியிலதான். முந்நூறு போகட்டும். மிச்சம் ஐந்நூறு வெள்ளி, அதாவது முப்பதாயிரம். மூணு லட்சத்துக்கு ரெண்டு வட்டின்னா மாசம் ஆறாயிரம். பாக்கி இருபத்துநாலாயிரம். அதை அப்படியே அசலுக்குக் கட்டினாக்கூட பன்னிரண்டரை மாசம் கடனுக்கே உழைக்கணும். வட்டி மாசாமாசம் குறையும்னு வச்சாலும் பதினொரு மாசம் நிச்சயம். பர்மிட் ரெண்டு வருஷத்துக்குன்னா, பாதி ஏஜென்டுக்கு, பாதிதான் உங்களுக்கு."

மாமா முகம் சித்திரை மாசத்து வாய்க்கால் மாதிரி வறண்டு போச்சு. பையன் விடவில்லை.

"அண்ணே, வெள்ளி இன்னும் பத்து ரூபா ஏறிட்டா?"

"உனக்கு லாபம்தான். கடன் ரூபாயில, சம்பளம் வெள்ளியில. ஆனா, ரூபாய் இறங்கினா பொட்டாஷ் உரத்தை நாடு கூடுதல் ரூபாய் குடுத்துத்தான் இறக்குமதி பண்ணணும். டீசலுக்கான கச்சா எண்ணெயும் அப்படித்தான். ரெண்டையும் வாங்குறது உங்கப்பா."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப இவன் அனுப்புறதை நான் உரக்கடையில குடுத்துட்டு வரணும்கிறீங்க!"

பையன் இப்போது சிங்கப்பூரில்தான் இருக்கிறான். வேறு ஏஜென்ட், ஒன்றரை லட்சம். போகும்போது ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறானாம்: வெள்ளி, ரூபாய். மூன்றாவதாக ஒரு கட்டம், அவனே சேர்த்தது: கடன் பாக்கி.